விலை எழுதுவதற்கு முன்: தென்னாப்பிரிக்க அரசு டெண்டரில் சிறு தொழிலைக் கவிழ்க்கும் நிபந்தனைகள்

பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்க உங்கள் வீட்டுத் தண்ணீர் பில் எதற்கு? அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க உங்கள் மனைவி எங்கே வேலை பார்க்கிறார் என்ற விவரம் எதற்கு? அரசு ஒப்பந்த வேலைக்கு முதன்முதலில் விலை கொடுப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை. அந்தத் தாள் இல்லையென்றால் உங்கள் உறை விலை பார்க்கும் கட்டத்துக்கே போகாது. இன்னொரு வகை நிபந்தனை இதைவிட மோசம். அது உங்களை வெளியே தள்ளாது. வேலையைக் கையில் கொடுத்துவிட்டு, லாபத்தை உள்ளிருந்து அரிக்கும்.

அதனால் டெண்டர் புத்தகத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள். முதலில் இணைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியல், அடுத்து சிறப்பு நிபந்தனைகள், பிறகு, ஒவ்வொரு வேலைக்கும் அளவைப் போட்டு விலை எழுதச் சொல்லும் அளவுப் பட்டியலின் தொடக்கத்தில் வரும் பொதுச்செலவுப் பகுதி. விலை கடைசியில். படிக்கும்போது இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்வது நல்லது: 'தாள் கேட்கிறார்கள்' என்பதற்கு ஒன்று, 'இதற்குப் பணம் செலவாகும்' என்பதற்கு ஒன்று. இரண்டாவது நிறம் பட்ட ஒவ்வொரு வரியும் உங்கள் விலைக்குள் எங்காவது வந்தாக வேண்டும்.

வீட்டு பில்

மாநகராட்சி, நகராட்சி டெண்டர்களில் இது கட்டாயம். கம்பெனியோ அதன் இயக்குநர்களில் எவரோ ஒரு நகராட்சிக்குச் சொத்துவரி, தண்ணீர், மின்சாரக் கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருந்தால் அந்த டெண்டரை நிராகரிக்க வேண்டும் என்பது நகராட்சிக் கொள்முதல் விதிகளின் 38ஆவது பிரிவு. எந்த நகராட்சிக்குப் பாக்கி என்பதில் வித்தியாசம் இல்லை. டர்பனில் டெண்டர் போடுகிறீர்கள், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் உங்கள் கூட்டாளி அங்கே பாக்கி வைத்திருக்கிறார் என்றாலும் விழுவது உங்கள் டெண்டர்தான்.

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் வீடுகளில் வரும் சிக்கல் வேறு. வீட்டுக் கணக்கு இன்னும் அப்பா பேரில், சில வீடுகளில் காலமான தாத்தா பேரில் இருக்கும். உங்கள் பேரில் பில் இல்லை என்று அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டால், 'ஆவணம் இல்லை' என்றுதான் குறிப்பார்கள். அந்தப் பழைய பேரிலுள்ள பில்லையும், 'நான் இந்த முகவரியில் வசிக்கிறேன், என் பேரில் நகராட்சிக் கணக்கு ஏதுமில்லை' என்ற அஃபிடவிட்டையும் சேர்த்து வையுங்கள். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தத்தின் நகலோ வீட்டுக்காரரின் கடிதமோ வேண்டும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வந்த பில்லைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு இயக்குநருக்கும் தனித்தனியாக வேண்டும், கம்பெனி முகவரிக்கும் வேண்டும். நாலு இயக்குநர் என்றால் ஐந்து பில்.

பாக்கி உண்மையிலேயே இருந்தால், டெண்டர் மூடும் நாளுக்கு முன்பே நகராட்சியுடன் தவணை ஒப்பந்தம் போட்டு, அதன்படி கட்டிய ரசீதோடு இணையுங்கள். மீட்டர் தப்பு, பில் தப்பு என்று வாயால் சண்டை போட்டது கணக்கில் வராது. எழுதிக் கொடுத்த புகாரும் அதன் குறிப்பு எண்ணும் வேண்டும்.

வீட்டில் ஒரு டீச்சர் இருந்தால்

நம் குடும்பங்களில் கம்பெனி பதியும்போது மனைவியையும் இயக்குநராகப் போடுவது வழக்கம். அவர் மாகாணக் கல்வித்துறைச் சம்பளம் வாங்கும் ஆசிரியராகவோ அரசு மருத்துவமனை நர்ஸாகவோ இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் 'அரசுப் பணியில் இருப்பவர்'. நகராட்சி விதி 44இன்படி, அப்படிப்பட்ட ஒருவர் இயக்குநராகவோ மேலாளராகவோ முக்கியப் பங்குதாரராகவோ இருக்கும் கம்பெனிக்கு வேலை கொடுக்கக் கூடாது. அதை மறைத்தும் பயனில்லை. மத்திய சப்ளையர் பதிவேடான சிஎஸ்டி, இயக்குநர்களின் அடையாள எண்களை அரசுச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

அவர் இயக்குநர் இல்லை, வெறும் குடும்ப உறவு மட்டுமே என்றால் தடை கிடையாது. ஆனால் சொல்லியாக வேண்டும். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் அரசுப் பணியில் இருந்தால் அந்த விவரத்தை நகராட்சி தன் ஆண்டுக் கணக்கில் வெளியிட வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லும் படிவம், நகராட்சிக்கு எம்பிடி 4, மாகாண, தேசியத் துறைகளுக்கு எஸ்பிடி 4. எம்பிடி 4 கடந்த பன்னிரண்டு மாதத்தில் அரசுப் பணியில் இருந்தீர்களா என்றும் கேட்கிறது, போன மாதம் ஓய்வு பெற்றவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். 'இல்லை' என்று பொய்யாக டிக் அடித்தால், அந்த டெண்டர் போவதோடு நிற்காது. தேசியக் கருவூலத்தின் தடைப்பட்டியலில் பேர் ஏறலாம், தடை நீங்கும் வரை எந்தத் துறையிலும் வேலை கிடைக்காது.

ஒரே ஆள் நடத்தும் கம்பெனியாக இருந்தாலும், கையெழுத்திட உங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தைக் கேட்பார்கள். நீங்களே உங்களுக்கு அதிகாரம் கொடுத்து நீங்களே கையெழுத்துப் போட வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் இணையுங்கள்.

பி.இ.இ. அஃபிடவிட்

பி.இ.இ. என்பது கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டப்படி உங்கள் கம்பெனிக்கு உள்ள நிலை. டெண்டரில் புள்ளி கோர இதை ஆதாரமாகக் கேட்பார்கள். ஆண்டு விற்றுமுதல் 10 மில்லியன் ராண்டுக்குள் இருக்கும் பொதுத் தொழில்களுக்குச் சரிபார்ப்பு நிறுவனத்தின் சான்று தேவையில்லை. உறுதிமொழி அஃபிடவிட் போதும். கட்டுமானத் துறைக்கு இந்த வரம்பு வேறு: ஒப்பந்தக்காரருக்கு 3 மில்லியன் ராண்ட்தான், படிவமும் தனி. கட்டட வேலைக்குப் பொது அஃபிடவிட்டை இணைத்தவர்களுக்குப் புள்ளி பூஜ்யம் ஆவது அடிக்கடி நடக்கிறது.

அஃபிடவிட் எங்கே பழுதாகிறது என்றால், கையெழுத்தில் இல்லை, வெற்றிடங்களில். நிதியாண்டு முடியும் தேதியை நாள், மாதம், வருடம் என முழுதாக எழுத வேண்டும். '2025' என்று மட்டும் எழுதினால் செல்லாது என்பார்கள். பெண்கள் பங்கு, இளைஞர் பங்கு, மாற்றுத்திறனாளிகள் பங்கு என்று வரும் சதவீதக் கட்டங்களில் பொருந்தாததற்குப் பூஜ்யம் எழுதுங்கள், கோடு போடாதீர்கள், வெறுமையாகவும் விடாதீர்கள். உங்கள் பி.இ.இ. நிலையைத் தெரிவு செய்யும் இடத்தில் டிக் அடிக்க மறந்தால் மொத்தத் தாளும் வீண். கையெழுத்தை, அஃபிடவிட்டை உறுதிசெய்ய அதிகாரமுள்ள உறுதிமொழி ஆணையரின் முன்னால்தான் போட வேண்டும். வீட்டிலேயே போட்டு எடுத்துப் போனால் இரண்டு தேதியும் ஒத்துப்போகாது. போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகச் செய்து தருவார்கள். முத்திரையோடு ஆணையரின் முழுப்பெயர், பதவி, தேதி மூன்றும் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்குள் பாருங்கள். உங்கள் தொழிலில் பங்குள்ள ஒருவர், அவரே ஆணையராக இருந்தாலும், இதில் முத்திரை போடக் கூடாது. அஃபிடவிட்டின் ஆயுள் 12 மாதம்.

இனி, தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பின்னாளில் வந்து குடியேறியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய விஷயம். சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடங்குவர். ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது 27 ஏப்ரல் 1994க்கு முன் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், அல்லது அந்தத் தேதிக்கு முன்பே பெறத் தகுதி இருந்து பின்னர் பெற்றிருக்க வேண்டும். 2005இல் சென்னையிலிருந்து வந்து, பிறகு குடியுரிமை வாங்கியவர் இதில் அடங்க மாட்டார். கையில் பச்சை அடையாளப் புத்தகம் இருக்கிறது, நாமும் இந்தியர்தானே என்று அவர் 100 சதவீதம் எழுதிக் கையெழுத்திட்டால், அது பொய் அஃபிடவிட். சட்டம் அதைக் குற்றமாகவே பார்க்கிறது. உண்மையான சதவீதத்தை எழுதி, விலையில் போட்டியிடுவதே வழி.

எத்தனை ராண்ட் ஒரு புள்ளி?

50 மில்லியன் ராண்ட் வரை 80/20 முறை. விலைக்கு 80, குறிப்பிட்ட இலக்குகளுக்கு 20. ஜனவரி 2023இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அந்த இலக்குகள் என்ன என்பதை ஒவ்வொரு துறையும் தானே முடிவு செய்கிறது. ஒரு டெண்டரில் பெண்கள் பங்குக்கு 10, இன்னொன்றில் உள்ளூர் முகவரிக்கு 10. போன டெண்டரில் 20 வாங்கினோம் என்று இதிலும் நம்பக் கூடாது. 6.1 படிவத்தில் (எம்பிடி 6.1 அல்லது எஸ்பிடி 6.1) புள்ளியை நீங்களே கோர வேண்டும், அதற்கான ஆதாரத்தையும் இணைக்க வேண்டும். கோராவிட்டால் பூஜ்யம்தான். ஆனால் அதற்காக மட்டும் வெளியே தள்ள மாட்டார்கள்.

விலைப்புள்ளிக் கணக்கு எளிது. குறைந்த விலை 400,000 ராண்ட், உங்களுடையது 440,000 என்று வையுங்கள். வித்தியாசம் 40,000. அதைக் குறைந்த விலையால் வகுத்தால் 0.1. எண்பதிலிருந்து அதன் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் உங்களுக்கு 72. குறைந்த விலைக்காரருக்கு 80. அவருக்கு இலக்குப் புள்ளி 10, உங்களுக்கு 20 என்றால் 90க்கு 92, வேலை உங்களுக்கு. அதாவது 10 இலக்குப் புள்ளி என்பது 12.5 சதவீத விலைக்குச் சமம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் அடிமாட்டு விலைக்கு இறங்க வேண்டிய அவசியம் பாதி டெண்டர்களில் இருக்காது.

பதிவேடுகள்

சிஎஸ்டி முழு அறிக்கையை டெண்டர் மூடும் நாளன்று காலையில் எடுத்துப் பாருங்கள். கம்பெனிப் பதிவகத்தில் ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் 'பதிவு நீக்கத்தில் உள்ளது' என்று காட்டும். உண்மைப் பயனாளிகளின், அதாவது கம்பெனியின் நிஜ உரிமையாளர்களின் விவரம் கொடுக்காமல் அந்த அறிக்கையை இப்போது தாக்கல் செய்யவும் முடியாது, ஆகவே இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வரி நிலை சிவப்பில் இருந்தால் மாகாண, தேசியத் துறைகள் சரிசெய்ய 7 வேலை நாள் தரும். வரித்துறையான சார்ஸில் ஒரு பழைய கணக்குத் தாக்கல் விட்டுப்போயிருந்தாலும் சிவப்புதான், பாக்கி ஒரு ராண்ட்கூட இல்லாவிட்டாலும்.

கட்டட வேலைக்கு, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் தரம் வேண்டும்: தரம் 1 என்றால் 500,000 ராண்ட் வரை, 2 என்றால் 1 மில்லியன், 3 என்றால் 3 மில்லியன். தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் நற்சான்றுக் கடிதத்தில் தொழில் வகையைக் கவனியுங்கள். 'அலுவலகத் துப்புரவு' என்று பதிந்த கடிதத்தை வைத்துக் கூரை வேலைக்குப் போட்டால் கேள்வி வரும். விபத்து நடந்தால் இன்னும் பெரிய கேள்வி வரும்.

கட்டாய விளக்கக் கூட்டம் என்று போட்டிருந்தால் கதவு மூடுவதற்குள் உள்ளே இருங்கள். வருகைப் பதிவில் உங்கள் சொந்தப் பேரை அல்ல, டெண்டர் போடப்போகும் கம்பெனியின் பேரை எழுதுங்கள். கறுப்பு மை மட்டும். டிப்பெக்ஸ் வேண்டாம், தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம். கூரியரில் அனுப்பினால் அவர்கள் ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், டெண்டர் பெட்டிக்குள் போடமாட்டார்கள். பெட்டியில் இல்லாத உறை வந்து சேராத உறை.

வார்டு ஆட்கள், தொடர்பு அலுவலர், '30 சதவீதம்'

அனுபவசாலிகளும் பணம் இழக்கும் இடம் இது. கட்டுமான, பராமரிப்பு வேலைகளில், திறன் தேவைப்படாத கூலி ஆட்களை அந்த வார்டிலிருந்தே எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். சமூகத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் வைக்க வேண்டும். சிஎல்ஓ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆளைத் தேர்ந்தெடுக்க உதவுவது வார்டு கவுன்சிலரும் திட்ட வழிகாட்டுக் குழுவும். வேலைக்கு வைப்பதும் சம்பளம் கொடுப்பதும் நீங்கள்.

சிஎல்ஓ சம்பளத்துக்கு அளவுப் பட்டியலில் பெரும்பாலும் ஒரு தோராயத் தொகை ஏற்கனவே அச்சடித்திருக்கும். அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள்: 'மேற்படி தொகைக்கான கையாளுதல், லாபம்', பக்கத்தில் ஒரு சதவீதக் கட்டம். அங்கே ஒன்றும் எழுதாவிட்டால் வேலையின்மைக் காப்பீடு, இழப்பீட்டு நிதி, போன் செலவு எல்லாம் உங்கள் தலையில். உங்கள் உண்மைச் செலவைக் கணக்கிட்டு அந்தச் சதவீதத்தை நிரப்புங்கள்.

பத்து ஆள் எடுக்கிறீர்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் மருத்துவத் தகுதிச் சான்று, பாதுகாப்பு அறிமுக வகுப்பு, பூட்ஸ், ஓவரால், தலைக்கவசம், கையுறை. இவையெல்லாம் முதல் செங்கல் வைப்பதற்கு முன் ஆகும் செலவு. 2014ஆம் ஆண்டுக் கட்டுமான விதிமுறைகளின்படி பாதுகாப்புக் கோப்பு அங்கீகரிக்கப்படாமல் தளத்துக்குள் நுழைய முடியாது. கோப்பு திருத்தத்துக்குத் திரும்பி வருவது சகஜம், இரண்டு வாரம் ஒதுக்குங்கள். புதிய ஆட்களின் வேகத்தையும் முதல் மாதத்தில் உங்கள் பழைய ஆட்களுக்குச் சமமாகக் கணக்குப் போடாதீர்கள். தெரு இரண்டு வார்டைத் தொட்டால் இரண்டு பக்க ஆளும் வேண்டும் என்பார்கள். அதை விளக்கக் கூட்டத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வேலை விரிவுபடுத்தப்பட்ட பொதுப்பணித் திட்டத்தின் கீழ் வந்தால் மாதாமாதம் அடையாள அட்டை நகல், வேலை ஒப்பந்தம், வருகைப் பதிவு, சம்பளம் கொடுத்த ஆதாரம் ஆகியவற்றைச் சமர்ப்பிக்க வேண்டும். பில் தொகை நிற்பதற்கு வேலைக் குறையைவிட இந்தத் தாள் குறையே அடிக்கடி காரணமாகும். கூலியை ரொக்கமாகக் கொடுத்தால் ஆதாரமும் இல்லை, வங்கி மூலம் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் '30 சதவீதம்' கேட்டுத் தளத்துக்கு வந்து நிற்பவர்கள் விஷயம், டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. சட்டம் என்ன சொன்னது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். 2017 விதிகள், 30 மில்லியன் ராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில், சாத்தியமானால் குறைந்தது 30 சதவீதத்தைக் குறிப்பிட்ட பிரிவினருக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்று டெண்டரிலேயே நிபந்தனை போடச் சொன்னன. வாசலில் வந்து கேட்பவருக்குப் பணம் கொடு என்று ஒருபோதும் சொல்லவில்லை. 2023இல் வந்த விதிகளில் அந்தப் பிரிவே இல்லை. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளூர்ப் பங்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால், அது சொல்லும் அளவு, அது சொல்லும் ஆட்களுக்கு, எழுத்து ஒப்பந்தத்தோடு. எழுதியில்லை என்றால் கடன் ஒன்றுமில்லை. யாராவது வேலையை நிறுத்தினால் தளத்திலேயே பேரம் பேசாதீர்கள். அன்றே பொறியாளருக்கு எழுதுங்கள்: தேதி, நேரம், நின்றுபோன ஆட்கள், இயந்திரங்கள். ஜிசிசி 2015 என்னும் பொது ஒப்பந்த நிபந்தனைகளின்படி போட்ட ஒப்பந்தமாக இருந்தால் கால நீட்டிப்புக் கோரிக்கைக்கு 28 நாள் கெடு. அது தாண்டினால் தாமத அபராதம் உங்களுடையது. ஆட்களுக்கு மிரட்டல் என்றால் முதலில் அவர்களைப் பத்திரமாக வெளியே அனுப்பிப் போலீஸில் பதியுங்கள், கடிதம் அதற்கடுத்து.

இடையில் ஒரு சின்ன விஷயம்: தீபாவளி இங்கே பொது விடுமுறை அல்ல. கட்டுமானத் தொழிலின் டிசம்பர் விடுமுறையை ஒப்பந்தம் கழித்துத் தரும், தீபாவளியைத் தராது. உங்கள் ஆட்கள் பாதிப் பேர் அன்று வரமாட்டார்கள் என்றால் கால அட்டவணையில் நீங்களே ஒதுக்குங்கள்.

துப்புரவு, சமையல்

குவாசூலு-நடாலில் துப்புரவு ஒப்பந்தத் தொழிலுக்குத் தனிப் பேரக் கவுன்சில் உண்டு. கூலி, சேமநிதி, போனஸ் எல்லாம் அதன் ஒப்பந்தப்படி. தேசியக் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்குப் போட்டால் ஆரம்பத்திலேயே நஷ்டம். ஓர் ஆளின் மாதச் செலவு: மணிக்கூலி, பெருக்கல் வாரத்துக்கு 45 மணி, பெருக்கல் 4.33. அதன்மேல் சேமநிதி, போனஸில் பன்னிரண்டில் ஒரு பங்கு, வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1 சதவீதம், இழப்பீட்டு நிதி, கம்பெனியின் மொத்த ஆண்டுச் சம்பளச் செலவு 500,000 ராண்டைத் தாண்டினால் திறன் மேம்பாட்டு வரி 1 சதவீதம், சீருடை. பிறகு விடுப்பு: வருடத்துக்கு 15 வேலை நாள் விடுப்பும் நோய் விடுப்பும் எடுக்கும்போது மாற்று ஆளுக்கும் சம்பளம் உண்டு. பலர் விடும் வரி இதுதான்.

பழைய ஒப்பந்தக்காரரின் ஆட்களை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197ஆவது பிரிவு பொருந்தினால் அவர்கள் பழைய சர்வீஸோடு உங்களிடம் வருவார்கள். பத்து வருட சர்வீஸ் உள்ளவருக்கு நாளை ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டியது நீங்கள். ஆட்களின் பட்டியல், சேர்ந்த தேதி, மீதி விடுப்பு மூன்றையும் டெண்டர் மூடுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

சமையல் ஒப்பந்தத்துக்கு 2018இன் ஆர்638 விதிமுறைப்படி நகராட்சி சுகாதார அதிகாரி தரும் தகுதிச் சான்று வேண்டும். அது அந்தச் சமையலறைக்கும் அதன் பொறுப்பாளருக்கும் உரியது. இடம் மாறினால் புதிதாக எடுக்க வேண்டும், அண்ணன் கடைச் சான்றை வைத்துத் தம்பி டெண்டர் போட முடியாது.

பணம் கைக்கு வரும் வரை

சரியான பில் கிடைத்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. விதிப்படியே நடந்தாலும் கணக்கைப் பாருங்கள்: மார்ச் 1 வேலை ஆரம்பம், மாத முடிவில் அளவெடுப்பு, ஏப்ரல் முதல் வாரம் பில், பணம் மே முதல் வாரம். அதற்குள் இரண்டு மாதக் கூலி போயிருக்கும். அந்தத் தொகை கையிலோ வங்கியிலோ இல்லாமல் வேலையை எடுக்காதீர்கள். ஆர்டர் எண் இல்லாத பில் 'சரியான பில்' அல்ல, அதற்கு 30 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கவே செய்யாது. பொருள் கொடுக்கும் கடைக்காரருக்கே துறை நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று உரிமை மாற்றம் செய்வதாக இருந்தால், துறையின் எழுத்துச் சம்மதத்தை முதலில் வாங்குங்கள்.

வேலையைச் சரியாக முடிப்பீர்கள் என்பதற்குக் கேட்கும் செயல்திறன் உத்தரவாதம் பல ஒப்பந்தங்களில் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம். சிறு கம்பெனிக்கு வங்கி அதே அளவு ரொக்கத்தை முடக்கச் சொல்லும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவது போல் ஆகிவிடும். உத்தரவாதத்துக்குப் பதில் பில்களில் பிடித்துக்கொள்ளச் சம்மதிப்பார்களா என்று விளக்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

பிடித்தம் தனி. ஒவ்வொரு பில்லிலும் பெரும்பாலும் 10 சதவீதம் பிடித்து, வேலை முடிந்ததும் ஒரு பாதி, குறைதீர் காலம் (வேலையில் தெரியும் குறைகளை நீங்கள் சரிசெய்து தர வேண்டிய காலம்) முடிந்ததும் மறுபாதி தருவார்கள். 600,000 ராண்ட் வேலையில் 60,000 பிடித்தால் கடைசி 30,000 அடுத்த வருடம். அந்தத் தேதியில் யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். வேலை முடிந்த சான்று கைக்கு வந்த அன்றே குறைதீர் காலம் முடியும் நாளைக் காலண்டரில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பே இறுதி ஆய்வு கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.